கல்லீரல் புற்றுநோயில் எம்6ஏ: மெட்டில்14 குறைந்தாலும் கெடுதல், மெட்டில்3 கூடினாலும் கெடுதல். எப்படி?

கரிசல்மலர்:

வணக்கம். நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆர்என்ஏ மேல் ஏறுகிற வேதிக் குறிகள், அதிலும் எம்6ஏ, புரதமாக மாறாத ஆர்என்ஏக்கள் வழியாகப் புற்றுநோயை எப்படித் தூண்டுகிறது அல்லது தடுக்கிறது என்பதுதான் என் கருத்தரங்கத் தலைப்பு.

சிக்கல் இதுதான். 2017-ல் ஹெப்படாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, கல்லீரல் புற்றுநோயில் மெட்டில்14 என்ற நொதி குறைந்துபோகிறது, அதனால் மிர்-126 என்ற மைக்ரோ ஆர்என்ஏ (வேறு ஆர்என்ஏக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) சரியாகத் தயாராகாமல் கட்டி பரவுகிறது என்கிறது. 2018-ல் அதே இதழில் வேறொரு குழு, அதே கல்லீரல் புற்றுநோயில் மெட்டில்3 கூடிப்போகிறது, அதனால்தான் கட்டி வளர்கிறது என்கிறது. மெட்டில்3, மெட்டில்14 இரண்டும் சேர்ந்து ஒரே குறியைப் போடுகிற ஜோடி என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ஜோடியில் ஒன்று குறைந்தாலும் புற்றுநோய், இன்னொன்று கூடினாலும் புற்றுநோய் என்றால் எம்6ஏ நல்லதா கெட்டதா? என் வழிகாட்டி இந்தக் கேள்வியை நிச்சயம் கேட்பார். யாராவது விளக்குங்கள்.

பொருநை_ஆய்வகம்:

நல்ல கேள்வி தங்கச்சி. இந்தத் துறையில் பத்து வருஷமாக இருப்பவர்களும் இதில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் அடியிலிருந்து வருகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் அல்லவா.

அடினோசினின் ஆறாவது நைட்ரஜன் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஏறினால் அது எம்6ஏ. 1974-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெஸ்ரோசியர்ஸ், ஃப்ரிடரிசி, ராட்மன் மூவரும் இதைத் தூது ஆர்என்ஏவில் கண்டபோது அவர்கள் வைத்திருந்தது நோவிகாஃப் ஹெப்படோமா செல்கள், அதாவது எலியின் கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள். நீ கேட்கிற திசுவிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. அப்புறம் நெடுங்காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011-ல் சிகாகோவில் சுவான் ஹே குழு, எஃப்டிஓ என்ற நொதி இந்த மெத்திலைக் கழற்றிவிடும் என்று காட்டியது. உடல் பருமனோடு தொடர்புள்ள மரபணு என்று 2007-லிருந்தே பேசப்பட்ட அதே எஃப்டிஓதான். போட்ட குறியை அழிக்கவும் முடியும் என்றால் செல் இதை ஒரு கட்டுப்பாடாகப் பயன்படுத்துகிறது என்றுதானே பொருள்? அதற்குப் பிறகுதான் கூட்டம் கூடியது. 2012-ல் ஆன்டிபாடி வைத்து முழு ஆர்என்ஏ தொகுதியிலும் குறி எங்கெங்கே இருக்கிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாக வரைபடம் போட்டன.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சலவைக்குப் போகும் துணியில் ஓரத்தில் ஒரு குறி போடுவார்களே, அந்தக் குறி துணி நல்லதா கெட்டதா என்று சொல்லாது. அதைப் பார்க்கிறவர் அதை எந்த மூட்டையில் போடுகிறார் என்பதில்தான் விஷயம். எம்6ஏவும் அப்படித்தான். இங்கே பார்க்கிறவர்கள், அதாவது குறியைப் படிக்கிறவர்கள், புரதங்கள். டிஜிசிஆர்8 என்ற புரதத்தின் பக்கம் போனால் மைக்ரோ ஆர்என்ஏ தயாராகும். ஒய்டிஎச்டிஎஃப்2 பிடித்தால் அந்த ஆர்என்ஏ அழியும். ஐஜிஎஃப்2பிபி குடும்பம் பிடித்தால் அதே குறி ஆயுளைக் கூட்டும். ஒய்டிஎச்டிசி1 பிடித்தால் செல்லின் கருவுக்குள் வேறு கதை.

உன் இரண்டு ஆய்வையும் இதை வைத்துப் பார். 2017 ஆய்வில் குறி விழுவது மிர்-126-ன் மூல ஆர்என்ஏ மேல். குறி இருந்தால் டிஜிசிஆர்8 அதை எளிதாகப் பிடிக்கும், டிரோஷா என்ற நொதி வெட்டும், மிர்-126 தயாராகும், பரவல் அடங்கும். 2018 ஆய்வில் குறி விழுவது எஸ்ஓசிஎஸ்2 என்ற, கட்டியை அடக்கும் புரதத்தின் தூது ஆர்என்ஏ மேல். அங்கே ஒய்டிஎச்டிஎஃப்2 வந்து அதை அழிக்கிறது. குறி ஒன்றுதான். ஒரு இடத்தில் அது நல்ல ஆர்என்ஏவை உருவாக்குகிறது, இன்னொரு இடத்தில் நல்ல ஆர்என்ஏவை ஒழிக்கிறது. அதனால் "எம்6ஏ நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எந்த ஆர்என்ஏ, அதில் எந்த இடம், யார் படிக்கிறார்கள் என்று கேட்டால்தான் விடை வரும்.

கரிசல்மலர்:

மிக்க நன்றி அண்ணா. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றால் மெட்டில்14 குறையும்போது எஸ்ஓசிஎஸ்2 மேலும் குறி குறைய வேண்டும், அதனால் எஸ்ஓசிஎஸ்2 கூட வேண்டும், கட்டி அடங்க வேண்டும். அந்தப் பக்கத்தை 2017 ஆய்வு பேசவே இல்லையே?

பொருநை_ஆய்வகம்:

சரியான இடத்தைப் பிடித்துவிட்டாய். பேசாது, ஏனென்றால் ஒவ்வோர் ஆய்வும் ஆயிரக்கணக்கான ஆர்என்ஏக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னால் போகிறது. மீதி எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணக்குப் பார்ப்பது அரிது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜோடி என்றாலும் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. 2016-ல் வந்த படிக அமைப்புகளில் மெட்டில்3-தான் மெத்திலைக் கொடுக்கும் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு வேதிவினையைச் செய்கிறது, மெட்டில்14 ஆர்என்ஏவைப் பிடிக்க இடம் கொடுத்துத் தாங்குகிறது என்று தெரிந்தது. அதோடு மெட்டில்3 செல்லின் சைட்டோபிளாசத்தில் குறி எதுவும் போடாமலே புரத உற்பத்தியைத் தூண்டும் என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆக, மெட்டில்3-ஐ நாக்டவுன் செய்து, அதாவது செல்லில் அதன் அளவைக் குறைத்து, செல் வளர்ச்சி குறைந்தால் அது குறி போனதாலா, புரதம் போனதாலா என்று தெரியாது. அதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. மெட்டில்3-ல் டிபிபிடபிள்யூ என்ற நான்கு அமினோ அமிலப் பகுதியை ஏபிபிஏ என்று மாற்றினால் புரதம் இருக்கும், வேலை செய்யாது. நாக்டவுன் செய்த செல்லில் ஒரு தட்டில் இயல்பான மெட்டில்3, இன்னொரு தட்டில் இந்தச் செத்த வடிவம் இரண்டையும் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். இயல்பானது மட்டும் மீட்டுக்கொடுத்தால் குறிதான் காரணம். நீ படிக்கிற கட்டுரைகளில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று முதலில் தேடு.

பெங்களூருவாசி:

இதே முரண் மூளைப் புற்றுநோயிலும் உண்டு, அதில் நம் பக்கத்து ஆய்வும் இருப்பதால் சொல்கிறேன். 2017-ல் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் குழு கிளியோபிளாஸ்டோமாவின் தண்டுசெல் போன்ற செல்களில் மெட்டில்3 அல்லது மெட்டில்14-ஐக் குறைத்தால் கட்டி இன்னும் வேகமாக வளர்கிறது என்றது. 2018-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குமாரவேல் சோமசுந்தரம் குழு ஆன்கோஜீன் இதழில் நேர் எதிராக எழுதியது. மெட்டில்3 இல்லாவிட்டால் அந்தச் செல்களால் தண்டுசெல் தன்மையைத் தக்கவைக்க முடியாது, கதிர்வீச்சையும் தாங்க முடியாது, எஸ்ஓஎக்ஸ்2 என்ற மரபணுவின் தூது ஆர்என்ஏவை எம்6ஏ நிலைநிறுத்துவதுதான் காரணங்களில் ஒன்று என்றது. இரண்டுமே தரமான குழுக்கள். 2017-லேயே, அதே நோயில் குறியை அழிக்கும் ஏஎல்கேபிஎச்5 கட்டிக்கு உதவுகிறது என்ற ஆய்வும் வந்தது. அதில் எஃப்ஓஎக்ஸ்எம்1-ஏஎஸ் என்ற, புரதமாகாத நீள் ஆர்என்ஏ, ஏஎல்கேபிஎச்5-ஐ எஃப்ஓஎக்ஸ்எம்1 என்ற மரபணுவின் ஆர்என்ஏவோடு சேர்த்துவைக்கிறது. கவனியுங்கள், இங்கே புரதமாகாத ஆர்என்ஏ மேல் குறி விழவில்லை, அதுவே குறி அழிப்பவரைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுக்கும் செல் வரிசையும் தனித்தனி. எந்தச் செல்லில் எந்தப் படிக்கும் புரதம் அதிகம் என்பதே மாறும். அதைச் சொல்லாமல் "மெட்டில்3 ஒரு புற்றுநோய் மரபணு" என்று தலைப்புப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

தரவுத்தச்சன்:

உயிரியல் பக்கம் எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நான் அளவீட்டுப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கரிசல்மலர், நீங்கள் படித்த கட்டுரைகளில் "கட்டித் திசுவில் மொத்த எம்6ஏ கூடியிருந்தது" என்று ஒரு பார் வரைபடம் கட்டாயம் இருக்கும். அது எப்படி எடுத்தது என்று முறைகள் பகுதியில் பாருங்கள். பெரும்பாலும் மொத்த ஆர்என்ஏவை எடுத்து ஒரு கிட்டில் ஊற்றியிருப்பார்கள், அல்லது சவ்வில் சொட்டு வைத்து ஆன்டிபாடியால் நிறம் பார்த்திருப்பார்கள். மொத்த ஆர்என்ஏவில் மிகப் பெரும் பங்கு ரைபோசோம் ஆர்என்ஏ. அந்த ரைபோசோம் ஆர்என்ஏவிலும் எம்6ஏ உண்டு. 18எஸ் என்ற வகையில் ஓர் இடம், அதைப் போடுவது மெட்டில்5. 28எஸ்-ல் ஓர் இடம், அதைப் போடுவது இசட்சிசிஎச்சி4. இவை இரண்டும் 2019-ல் தெளிவானவை. யு6 என்ற சின்ன ஆர்என்ஏவில் போடுவது மெட்டில்16. மெட்டில்3-க்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை! கட்டி வேகமாக வளர்கிறது, ரைபோசோம் அதிகம் செய்கிறது, அதனால் அளவீடு மாறுகிறது, அதை மெட்டில்3-ன் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, ஏனென்றால் பாலி-ஏ தேர்வு செய்து, அதாவது பாலி-ஏ வால் உள்ள ஆர்என்ஏவை மட்டும் பிடித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வந்திருக்காது.

ஆனால் பாலி-ஏ தேர்வுக்கும் ஒரு விலை இருக்கிறது, குறிப்பாக உங்கள் தலைப்பில். வட்ட ஆர்என்ஏவுக்கு வால் கிடையாது. பல நீள் ஆர்என்ஏக்களுக்கும் வழக்கமான வால் கிடையாது, மாலட்1 உட்பட. மைக்ரோ ஆர்என்ஏவின் மூல வடிவம் கருவுக்குள் வந்த வேகத்தில் வெட்டுப்படும். பாலி-ஏ பிடித்தால் நீங்கள் தேடுவதையே வடிகட்டி வெளியே கொட்டுகிறீர்கள். புரதமாகாத ஆர்என்ஏவைப் படிக்கிறவர்கள் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும் முறைக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் மெரிப். ஆர்என்ஏவை 100 எழுத்து நீளத்துக்கு உடைத்து, ஆன்டிபாடியால் பிடித்து, வரிசைப்படுத்துவது. குறி இந்த நூறு எழுத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று சொல்லும், எந்த எழுத்து என்று சொல்லாது, எத்தனை சதவீத மூலக்கூறுகளில் இருக்கிறது என்றும் சொல்லாது. 2020-ல் ஒரு மறு ஆய்வு, ஒரே செல் வகையில் வெவ்வேறு ஆய்வுகள் கண்ட பீக்குகள் (குறி இருப்பதாகக் காட்டும் இடங்கள்) 30 முதல் 60 சதவீதம்தான் ஒத்துப்போகின்றன என்று காட்டியது. அப்படி இருக்கும்போது புற்றுத் திசு மூன்று, இயல்புத் திசு மூன்று எடுத்து "இத்தனை பீக் மாறியது" என்பதை நான் ஒரு துப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன், முடிவாக அல்ல.

இப்போது குளோரி என்ற முறை இருக்கிறது. குறி இல்லாத அடினோசினை எல்லாம் வேதிவினையால் மாற்றிவிடும், குறி உள்ளது மட்டும் அப்படியே நிற்கும். எழுத்து எழுத்தாக, சதவீதத்தோடு தெரியும். நானோபோரில் ஆர்என்ஏவை நேரடியாகப் படிக்கும் முறையும் வளர்ந்திருக்கிறது. இனிமேல் வரும் கட்டுரைகளை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கரிசல்மலர்:

தரவுத்தச்சன் சார், ரைபோசோம் விஷயம் எனக்கு யாரும் சொன்னதே இல்லை. முறைகள் பகுதியை இன்றிரவே திரும்பப் படிக்கிறேன். இன்னொரு கேள்வி: ஒரே ஒரு எழுத்தில் விழும் குறி என்ன செய்கிறது என்று கடைசிவரை காட்டிய உதாரணம் ஏதாவது புரதமாகாத ஆர்என்ஏவில் உண்டா? கருத்தரங்கில் ஒன்றையாவது விரிவாகக் காட்ட வேண்டும்.

பொருநை_ஆய்வகம்:

மாலட்1 எடுத்துக்கொள். 2003-ல் நுரையீரல் புற்றுநோயில் எந்த நோயாளிக்குப் பின்னால் பரவும் என்று தேடியபோது கிடைத்த ஆர்என்ஏ அது. ஏறக்குறைய 8,000 எழுத்து நீளம், கருவுக்குள்ளேயே இருக்கும், ஏராளமாக இருக்கும். அதனால்தான் ஒற்றை எழுத்து ஆய்வுக்கு வசதி.

அதில் 2577-வது இடத்தில் ஒரு அடினோசின். அந்தப் பகுதி தன்மேல் தானே மடங்கிக் கொண்டை ஊசி போல நிற்கிறது. மடிப்பின் ஒரு கையில் இந்த அடினோசின், எதிர்க் கையில் தொடர்ச்சியாக ஐந்து யு எழுத்துகள். எச்என்ஆர்என்பிசி என்ற புரதத்துக்கு அந்த யு வரிசைதான் வேண்டும், ஆனால் அது இணைந்து மூடிக்கிடக்கிறது. 2577-ல் மெத்தில் ஏறியதும் அங்கே இணைப்பு தளர்கிறது. முழுக்கப் பிரிவதில்லை, தளர்கிறது. அந்தத் தளர்ச்சி போதும், யு வரிசை வெளியே தெரிகிறது, புரதம் வந்து உட்காருகிறது. குறியை எந்தப் புரதமும் நேரடியாகப் படிக்கவில்லை என்பதுதான் இதில் அழகு. குறி வடிவத்தை மாற்றுகிறது, வடிவம் புரதத்தை அழைக்கிறது. சிகாகோவில் தாவ் பான் குழு 2015-ல் நேச்சர் இதழில் இதை எழுதி, எம்6ஏ சுவிட்ச் என்று பெயர் வைத்தது. மாலட்1-ல் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான ஆர்என்ஏ இடங்களில் இதே வேலை நடக்கிறது என்றும் காட்டியது.

ஆனால் அது அமைப்பு பற்றிய ஆய்வு, புற்றுநோய் பற்றியது அல்ல. புற்றுநோயோடு இணைத்தது 2021-ல் டெவலப்மென்டல் செல் இதழில் வந்தது. மாலட்1 மேல் உள்ள குறிகளை ஒய்டிஎச்டிசி1 படிக்கிறது, அதனால் கருவுக்குள் உள்ள ஸ்பெக்கிள் என்ற கூட்டங்களின் சேர்மானம் மாறுகிறது, பரவலுக்கு உதவும் மரபணுக்கள் அங்கே தூண்டப்படுகின்றன. எனக்குப் பிடித்த சோதனை எது தெரியுமா? குறி போட முடியாதபடி மாற்றிய மாலட்1-ஐ வைத்தார்கள், செல்லின் பரவும் திறன் குறைந்தது. பிறகு அந்தக் குறியில்லாத மாலட்1 மேல் ஒய்டிஎச்டிசி1-ஐச் செயற்கையாகக் கட்டிவிட்டார்கள், பரவும் திறன் பெரும்பாலும் திரும்பி வந்தது. குறி வேண்டியது படிப்பவரை அழைப்பதற்கு மட்டும்தான் என்று இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்ட முடியும்?

எக்ஸிஸ்ட் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள். பெண்களின் ஓர் எக்ஸ் குரோமோசோமை அடக்கும் நீள் ஆர்என்ஏ, குறைந்தது 78 எம்6ஏ இடங்கள். 2016-ல் ஜாஃப்ரி குழு, அந்தக் குறிகள் இல்லாமல் அது குரோமோசோமை அடக்க முடியாமல் போவதைக் காட்டியது. அங்கேயும் படிப்பது ஒய்டிஎச்டிசி1. ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் 2020-ல் வந்த ஆய்வு, மெட்டில்14 போடும் குறியை ஒய்டிஎச்டிஎஃப்2 படித்து எக்ஸிஸ்டையே அழிக்கிறது என்கிறது. ஆர்என்ஏ ஒன்று, படிப்பவர் வேறு, முடிவு வேறு.

மதுரை_கேன்சர்_டாக்டர்:

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு மருத்துவராக எனக்கு மிகவும் பட்டது 2019-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த கணையப் புற்றுநோய் ஆய்வு. சிகரெட் புகையின் சாரத்தைக் கணையச் செல்களில் வைத்தபோது மெட்டில்3 மரபணுவின் முன்பகுதியில் இருந்த டிஎன்ஏ மெத்தில் குறைந்து, மெட்டில்3 கூடியது. அது மிர்-25-ன் மூல ஆர்என்ஏ மேல் குறியைக் கூட்ட, மிர்-25-3பி அளவுக்கு மீறித் தயாராகி, பிஎச்எல்பிபி2 என்ற தடையை அடக்க, செல்லை வளரத் தூண்டும் ஏகேடி பாதை கட்டவிழ்ந்தது. புகையிலிருந்து மைக்ரோ ஆர்என்ஏ வரை ஒவ்வொரு கண்ணியும் கோத்திருக்கிறது. கணையப் புற்றுநோய் எவ்வளவு தாமதமாக எங்களிடம் வருகிறது என்று தினம் பார்ப்பவனுக்கு இது வெறும் மூலக்கூறு விஷயம் இல்லை.

மருந்துப் பக்கம்: மெட்டில்3-ஐத் தடுக்கும் எஸ்டிஎம்2457 என்ற சிறு மூலக்கூறு 2021-ல் நேச்சரில் வந்தது. எலிகளில் கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோயை அடக்கியது. அதன் வழியில் கேம்பிரிட்ஜின் ஸ்டார்ம் தெரப்யூடிக்ஸ் செய்த எஸ்டிசி-15 என்ற மருந்து 2022-ல் மனிதச் சோதனைக்குப் போனது. ஆனால் மேலே நீங்கள் பேசியதையே நான் திருப்பிக் கேட்கிறேன். இந்த மருந்து மாலட்1 மேல் உள்ள குறியை மட்டும் எடுக்காது, எல்லா இடத்திலும் எடுக்கும். மெட்டில்14 குறைந்து மிர்-126 இல்லாமல் போன கல்லீரல் கட்டிக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ரத்தப் புற்றுநோயில் மெட்டில்3 தேவை என்பதற்குப் பல குழுக்களின் சான்று ஒரே திசையில் இருக்கிறது, அதனால் அங்கே தொடங்கியது நியாயம். திடக் கட்டிகளில் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் குறியீடு கையில் வராமல் நான் என் நோயாளிக்கு ஆசை காட்ட மாட்டேன்.

சங்கரன்_கோவில்பட்டி:

டாக்டர் ஐயா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இந்த அறிவியல் எனக்கு முழுதாகப் புரியவில்லை. என் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது, கல்லீரல் சுருக்கமும் ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆர்என்ஏ குறிகளை வைத்து ரத்தத்திலேயே கல்லீரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. தொகை பெரிதாக இருக்கிறது. எடுக்கலாமா?

மதுரை_கேன்சர்_டாக்டர்:

மன்னிப்பெல்லாம் வேண்டாம் சங்கரன். எடுக்க வேண்டாம். எம்6ஏவை அளந்து கல்லீரல் புற்றுநோயைக் கண்டறியும் பரிசோதனை எந்தச் சிகிச்சை வழிகாட்டுதலிலும் இல்லை. உங்கள் அண்ணனுக்கு வேண்டியது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையிலேயே செய்யலாம். ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் மாத்திரை அவருக்குத் தேவையா என்று கல்லீரல் மருத்துவரிடம் கேளுங்கள், தொடங்கினால் தானாக நிறுத்தக் கூடாது. வீட்டில் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அந்தப் பெரிய தொகை உங்களிடமே இருக்கட்டும்.

புரதமாகாத ஆர்என்ஏ பரிசோதனையே பொய் என்று சொல்லவில்லை. பிசிஏ3 என்ற நீள் ஆர்என்ஏவைச் சிறுநீரில் அளக்கும் புராஸ்டேட் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2012-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஆர்என்ஏவின் அளவைப் பார்ப்பது, அதன் மேல் உள்ள குறியை அல்ல. குறியை அளக்கும் முறைகளே ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒத்துப்போகவில்லை என்று தரவுத்தச்சன் மேலே சொன்னார் பாருங்கள்.

சங்கரன்_கோவில்பட்டி:

ரொம்ப நன்றி ஐயா. அடுத்த வாரமே ஸ்கேனுக்கு அழைத்துப்போகிறேன். வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனையும் பார்த்துவிடுகிறோம்.

தரவுத்தச்சன்:

மாணவர்கள் படிப்பதால் இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். "வட்ட ஆர்என்ஏ இன்னது, மைக்ரோ ஆர்என்ஏ இன்னதை உறிஞ்சி, மெட்டில்3 வழியாக, இன்ன புற்றுநோயை வளர்க்கிறது" என்ற அச்சில் வார்த்த தலைப்புகள் குவிந்து கிடக்கின்றன. அதில் நல்லதும் உண்டு. 2019-ல் வந்த வட்ட என்எஸ்யுஎன்2 ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியவர்களிடம் அந்த வட்ட ஆர்என்ஏ கூடியிருப்பதைப் பார்த்து, அதன் மேல் உள்ள குறியை ஒய்டிஎச்டிசி1 படித்துக் கருவிலிருந்து வெளியே அனுப்புவதையும், வெளியே வந்தபின் அது ஐஜிஎஃப்2பிபி2-வோடு சேர்ந்து எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவின் ஆர்என்ஏவை நிலைநிறுத்துவதையும் படிப்படியாகக் காட்டியிருப்பார்கள்.

ஆனால் சிட்னியின் ஜெனிஃபர் பைர்ன் குழு புற்றுநோய் மரபணுக் கட்டுரைகளில் கொடுத்திருக்கும் பிரைமர், எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவைக் குறிவைக்கும் சிறு துண்டுகள்) வரிசைகளைச் சரிபார்த்தபோது, 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் வரிசை தவறாக இருந்தது. இந்த மரபணு என்று சொல்லி வேறொன்றின் வரிசை, அல்லது எதையும் குறிவைக்காத "கட்டுப்பாடு" உண்மையில் ஒரு மரபணுவைக் குறிவைக்கிறது. செல் வரிசையிலும் இதே கதை, கல்லீரலில் இன்னும் மோசம். எஸ்எம்எம்சி-7721, பெல்-7402 இரண்டையும் கல்லீரல் புற்றுநோய்ச் செல் என்றும், எல்-02-வை இயல்பான கல்லீரல் செல் என்றும் எத்தனையோ கட்டுரைகள் சொல்கின்றன. மூன்றுமே ஹீலா கலந்தவை என்று மரபுக் கைரேகைச் சோதனையில் தெரிந்துவிட்டது. ஹீலா கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து வந்தது! ஹெப்ஜி2-வும் ஹெப்படோபிளாஸ்டோமா, பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் அல்ல. கரிசல்மலர், உங்கள் முரண்களில் சில உயிரியலிலேயே இல்லை, செல் குப்பியில் இருக்கின்றன.

பெங்களூருவாசி:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாகப் படிக்க வருபவர்கள் "எல்லாமே குப்பை" என்று போய்விடக் கூடாது. 2015-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலார்கோன், தவாசோயி குழு மெட்டில்3 மைக்ரோ ஆர்என்ஏக்களின் மூல வடிவத்தில் குறி போட்டு டிஜிசிஆர்8-க்குக் காட்டிக்கொடுக்கிறது என்று மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் நிறுவியது. மேலே சொன்ன கல்லீரல், கணைய ஆய்வுகள் எல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவைதான். 2019-ல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மிர்-221, மிர்-222 இரண்டும் இதே வழியில் கூடிப் பிடென் என்ற, கட்டியை அடக்கும் மரபணுவை அடக்குவதைக் காட்டினார்கள். பாதை உறுதியானது. ஒவ்வொரு கட்டியிலும் அது எவ்வளவு முக்கியம் என்பதில்தான் சண்டை.

எம்6ஏவோடு நிறுத்திவிடவும் வேண்டாம். புரதம் கட்ட அமினோ அமிலம் கொண்டுவரும் டிஆர்என்ஏவும் புரதமாகாத ஆர்என்ஏதானே. 2021-ல் மெட்டில்1 என்ற நொதி டிஆர்என்ஏவில் எம்7ஜி என்ற வேறொரு குறியைப் போடுவது பற்றி மாலிக்யூலர் செல்லில் ஆய்வுகள் வந்தன. மெட்டில்1 கூடினால் ஒரு குறிப்பிட்ட அர்ஜினைன் டிஆர்என்ஏ பெருகுகிறது, அந்த டிஆர்என்ஏ படிக்கும் மூவெழுத்துக் குறிச்சொல் அதிகமுள்ள செல் பிரிவு மரபணுக்களின் புரதம் கூடுகிறது, செல் புற்றுச் செல்லாகிறது. படிப்பவர் யார் என்ற தலைவலி அங்கே குறைவு, அதனால் எனக்கு அந்தச் சான்று இன்னும் நேராகத் தெரிகிறது.

கரிசல்மலர்:

எல்லோருக்கும் நன்றி. முறைகள் பகுதிகளைத் திரும்பப் படித்தேன். நான் வைத்திருந்த கட்டுரைகளில் பலவற்றில் மொத்த எம்6ஏ என்பது மொத்த ஆர்என்ஏவில் கிட் வைத்து எடுத்ததுதான். செத்த மெட்டில்3 சோதனை சிலவற்றில் மட்டும் இருக்கிறது, குறி விழும் எழுத்தை மாற்றிப் பார்த்தவை அதைவிடக் குறைவு. எஸ்எம்எம்சி-7721 பல இடத்தில் வருகிறது. கருத்தரங்கை "எந்த இடம், யார் படிக்கிறார்கள்" என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, மாலட்1-ஐ விரிவாகக் காட்டி, கல்லீரல் முரணை இந்தச் சோதனைகள் இருக்கின்றனவா இல்லையா என்று பிரித்துக் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன். ஒரே சந்தேகம்: புரதமாகாத ஆர்என்ஏ இந்த நொதிகளையே அடக்கும் என்றும் படிக்கிறேன். அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது?

பொருநை_ஆய்வகம்:

இரண்டு பக்கமும் போடு. மிர்-33ஏ நுரையீரல் புற்றுச் செல்களில் மெட்டில்3-ன் தூது ஆர்என்ஏவைப் பிடித்து அடக்குகிறது, மிர்-145 கல்லீரல் செல்களில் ஒய்டிஎச்டிஎஃப்2-ஐ அடக்குகிறது. இரண்டும் 2017-ல் வந்தவை. மெட்டில்3 மைக்ரோ ஆர்என்ஏக்களை உருவாக்குகிறது, மைக்ரோ ஆர்என்ஏ மெட்டில்3-ஐ அடக்குகிறது என்றால் அது சுழல். சுழலில் ஓரிடத்தைத் தட்டினால் ஒருநாள் கழித்துப் பார்ப்பதும் ஐந்து நாள் கழித்துப் பார்ப்பதும் வேறு வேறாக இருக்கும். நாக்டவுன் செய்து எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்பதையும் உன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்.

இன்னொன்று, மெட்டில்3-ஐ கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் முழுதாக நீக்கிய செல்லிலும் மிச்ச எம்6ஏ தெரிகிறது என்று சில கட்டுரைகள் எழுதும். 2022-ல் பிளாஸ் பயாலஜியில் வந்ததைப் படி. பல செல்கள் வெட்டுப்பட்ட பகுதியைத் தாண்டி மெட்டில்3-ஐ வேறு விதமாகப் பிணைத்துக்கொண்டு, வேலை செய்யும் சிறிய வடிவத்தைத் தயாரித்துவிடுகின்றன. பழைய ஆன்டிபாடி அதைக் காட்டாமலும் போகலாம். அதைப் படித்துவிட்டு உன் பட்டியலில் உள்ள நீக்கிய செல் வரிசைகளை ஒருமுறை சரிபார்த்து இங்கே போடு, நாங்களும் பார்க்கிறோம்.

தரவுத்தச்சன்:

பட்டியலோடு தரவு எண்களையும் போடுங்கள். மூல வரிசைகள் பொதுவில் இருந்தால் அந்த மெட்டில்3 பிணைப்பை நானே பார்த்துச் சொல்கிறேன், வார இறுதியில் நேரம் இருக்கிறது.